ரத்தம் கம்மி, சிவப்பணு மட்டும் அதிகமா? யாராவது விளக்குங்கள்

தண்டையார்பேட்டை டெய்லர்:
வணக்கம். வயது 27, வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். ஒன்றரை வருஷமாக எப்போது டெஸ்ட் எடுத்தாலும் "ரத்தம் கம்மி" என்று இரும்புச்சத்து மாத்திரைதான். மலச்சிக்கல் வந்ததுதான் மிச்சம். எங்கள் அத்தை (மாமியாரும் அவர்தான்) வாராவாரம் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அதற்கும் ஹீமோகுளோபின் அசையவில்லை.

போன வாரம் ரிப்போர்ட்டை நானே படித்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 11.2, கம்மி. எம்.சி.வி. 64, அதுவும் கம்மி. ஆனால் சிவப்பணு எண்ணிக்கை 5.7 மில்லியன், பக்கத்தில் அதிகம் என்று குறி! ஆர்.டி.டபிள்யூ. 14.2, அதற்குக் குறியே இல்லை. அணு அதிகம் என்றால் ரத்தம் எப்படிக் கம்மியாகும்? மெஷின் கோளாறா? அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறோம், அதனால்தான் கேட்கிறேன்.

பழைய லேப்காரன்:
மெஷின் மேல் பழி போடாதேம்மா. ராயபுரத்தில் 22 வருஷம் லேப்பில் நின்றவன் சொல்கிறேன், இந்த மாதிரி ரிப்போர்ட் நிறைய பார்த்திருக்கிறேன்.

காசிமேட்டில் ஒரு கூடை நெத்திலியை எண்ணிப் பார், நூற்றுக்கணக்கில் வரும். தராசில் வைத்தால் ஒரு பெரிய வஞ்சிரத்துக்கு ஈடாகாது. எம்.சி.வி. என்பது ஓர் அணுவின் சராசரி அளவு, 80லிருந்து 100 வரை இருக்க வேண்டும். உன் அணுக்கள் எல்லாம் நெத்திலி.

வெறும் இரும்புச்சத்துக் குறைவு என்றால் அணு சிறுத்துப்போவதோடு எண்ணிக்கையும் பெரும்பாலும் இறங்கும். ஒன்று சிறிது, ஒன்று பெரிது என்று அளவும் தாறுமாறாகும், அந்த வித்தியாசத்தைக் காட்டும் ஆர்.டி.டபிள்யூ. ஏறும். உனக்கு இரண்டும் இல்லை. எம்.சி.வி.யை எண்ணிக்கையால் வகுத்துப் பார்: 64ஐ 5.7ஆல் வகுத்தால் 11 சொச்சம். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனராக இருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். மென்ட்சர் இண்டெக்ஸ் என்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்படாதே. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியைச் செய்யும் மரபணு பிறவியிலேயே சுணங்கி வேலை செய்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலானோருக்கு ஆயுசு முழுக்கத் தொந்தரவே இருக்காது. சும்மா சும்மா இரும்பு மாத்திரை போட்டாலும் அது மாறாது. டாக்டரிடம் ஹீமோகுளோபின் ஏ-2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) எவ்வளவு என்று பார்க்கச் சொல்லிக் கேள். 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அநேகமாக அதுதான்.

மணலிக்காரி:
லேப்காரர் சொல்வது சரி, ஆனால் வகுத்தலை மட்டும் நம்பாதீர்கள். எனக்கும் 12 வந்து, வீட்டில் ஒரு வாரம் ஒரே அழுகை. கடைசியில் ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் டெஸ்ட்) வெறும் 6! மாதவிடாயில் போன ரத்தம், வெறும் இரும்புக் குறைவுதான். மூன்று மாதம் மாத்திரையில் எல்லாம் நேராகிவிட்டது. முதலில் ஃபெரிட்டின் பாருங்கள். இரும்பு குறைவாக இருக்கும்போது ஏ-2 அளவும் இறங்கிக் காட்டும், இருக்கிற தலசீமியா மறைந்துபோகும் என்று டாக்டர் சொன்னார்.

பழைய லேப்காரன்:
மணலிக்காரி சொன்னதைக் குறித்துக்கொள். இன்னொன்று, அத்தைதான் மாமியார் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் வீட்டுக்காரருக்கும் சேர்த்து எடு. ஒருவருக்கு மட்டும் இருந்தால் பிள்ளைக்கும் மைனர்தான் வரலாம், நோய் வராது. இருவருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு தலசீமியா மேஜர் வர வாய்ப்பு. ரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிய நோய் அது. சொந்தத்தில் கட்டினவர்களுக்கு ஒரே மரபணு இருபக்கமும் வர வாய்ப்பு அதிகம். அடுத்த குழந்தைக்கு முன்னாலேயே பார்த்துவிடு.

தண்டையார்பேட்டை டெய்லர்:
ரிசல்ட் வந்துவிட்டது அண்ணா. ஃபெரிட்டின் 52, இரும்பு குறைவில்லை; ஏ-2 5.1. மைனர்தான். அவரை ஊசிக்கு இழுத்துப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, அவருக்கு எம்.சி.வி. 87, ஏ-2 2.6, ஒன்றுமில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் மூச்சே வந்தது. புது டாக்டர் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டார், கர்ப்பமானால் ஃபெரிட்டின் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். அத்தைக்குத்தான் கோபம்: "அப்போ ஒன்றரை வருஷம் நான் வறுத்ததெல்லாம் வீணா?" வீணில்லை, ருசியாகத்தானே இருந்தது என்றேன்.

இன்னொரு சந்தேகம். எண்ணூரில் இருக்கும் என் தங்கைக்கும் எம்.சி.வி. 66. அவளுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையும் சொந்தம்தான். பெண்ணுக்கு ஏதோ நோய் என்று பேச்சு கிளம்பாமல், அந்த வீட்டில் இதை எப்படி ஆரம்பிப்பது?