பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளம் என்கிறார்கள், போகலாமா?

அம்பத்தூர் லேத்:
அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறேன். மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படை 12,000. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,440, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 135 போக 16,425 கைக்கு வருகிறது. அடுத்த தெருப் பட்டறையில் முப்பது பேர் வேலை செய்கிறார்கள். ‘பிடித்தமே கிடையாது, 18,000 ரொக்கம்’ என்று கூப்பிடுகிறார்கள். சம்பளச் சீட்டு இருந்தால் மனைவிக்கு வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 நின்றுவிடும் என்றும் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?

கொரட்டூர் குமரன்:
போங்கள் அண்ணா. 1,575 ரூபாய் என்றால் ஒரு சிலிண்டர், மீதியில் பால் கணக்கு. ஜூன் மாதம் பள்ளியில் பி.எஃப். பாஸ்புக்கைக் காட்டினால் ரசீது போடுவார்களா? கையிலே காசு, வாயிலே தோசை.

பெரம்பூர் கணக்கர்:
குமரன் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். பி.எஃப்.புக்கு முதலாளியும் 1,440 கட்டுகிறார். அதில் சுமார் 1,000 ஓய்வூதியத் திட்டத்துக்கு, 440 உங்கள் கணக்குக்கு. இ.எஸ்.ஐ.க்கு அவர் பங்கு 3.25 சதவீதம், அதாவது 585. ஆக, 1,575 கூடுதலாக வாங்குவதற்கு மாதம் 3,600 ரூபாயை விட்டுக்கொடுக்கிறீர்கள். 2,025 ரூபாய் முதலாளிக்கு மிச்சம். முப்பது பேர் இருக்கும் இடத்தில் இரண்டுமே கட்டாயம் தம்பி, சலுகை போலப் பேசுவதே தவறு. உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். உங்களுடையது 2,16,000. வீட்டில் வேறு வருமானம் இல்லையென்றால் சம்பளச் சீட்டால் அது நிற்காது.

கொரட்டூர் குமரன்:
பத்து ஆண்டு பணி இருந்தால்தானே ஐயா மாத ஓய்வூதியம்? எந்தப் பட்டறை பத்து ஆண்டு வைத்திருக்கிறது? குறைந்தபட்ச ஓய்வூதியமும் 2014-இல் வைத்த அதே 1,000தான். இது போதாதென்று மாநகராட்சித் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250. லட்சம் வாங்குபவருக்கும் அதே 1,250. இதை நியாயம் என்பீர்களா?

பெரம்பூர் கணக்கர்:
தொழில் வரியில் உங்கள் பக்கம்தான் நியாயம். அரையாண்டு வருமானம் 75,000 தாண்டினாலே உச்ச வரி. ஆண்டுக்கு 2,500க்கு மேல் கூடாது என்று 1988-இல் அரசியல் சட்டத்தில் வைத்த வரம்பு இன்னும் அப்படியே இருப்பதால் மேலே இருப்பவர்களிடம் கூட்டி வாங்க வழியில்லை. அந்தக் கோபத்தைப் பி.எஃப். மேல் காட்டாதீர்கள். பத்து ஆண்டும் ஒரே பட்டறையில் இருக்க வேண்டியதில்லை. யு.ஏ.என். எண்ணை, அதாவது பி.எஃப்.பில் உங்களுக்குக் கொடுத்த நிரந்தர எண்ணை மாற்றாமல், பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தால் பணிக்காலம் சேர்ந்துகொள்ளும்.

அயனாவரம் வாசுகி:
என் கணவருக்குப் பவர் பிரஸ்ஸில் வலது கை விரல்கள் இரண்டு போயின. சட்டைப் பொத்தான் போட இன்றும் நான்தான் வேண்டும். காயம் ஆறும்வரை இ.எஸ்.ஐ.யில் சம்பளத்தில் 90 சதவீதம் கொடுத்தார்கள். பிறகு நிரந்தர ஊனத்துக்கு மாதாமாதம் பணம் வருகிறது. காலை ஆறு மணிக்கே வரிசையில் நின்றிருக்கிறோம், அலைந்திருக்கிறோம், உண்மைதான். ஆனால் கடன் வாங்கவில்லை. அதே பட்டறையில் சீட்டு இல்லாமல் இருந்த பையனுக்குக் கை நசுங்கியபோது அவன் அம்மா தோட்டை அடகு வைத்தார். லேத் ஓட்டும் தம்பி, தயவுசெய்து போகாதீர்கள்.

கொரட்டூர் குமரன்:
அக்கா, இ.எஸ்.ஐ. பற்றி இனி வாதாட மாட்டேன். பி.எஃப். விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். அண்ணா, சீட்டில் பிடிக்கிறார்கள் சரி, கட்டுகிறார்களா? என்னிடம் எட்டு மாதம் பிடித்துவிட்டு ஒரு பைசா கட்டவில்லை ஒருவர். அதனால்தான் ரொக்கம் என்கிறேன்.

அம்பத்தூர் லேத்:
இப்போதுதான் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தேன். கடைசி நான்கு மாதங்கள் காலியாக இருக்கின்றன. சீட்டில் மாதாமாதம் 1,440 பிடித்திருக்கிறார்கள்.

பெரம்பூர் கணக்கர்:
ஒவ்வொரு மாதமும் பிடித்ததை அதற்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியிருக்க வேண்டும். தொழிலாளியிடம் பிடித்ததைக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம். நான்கு சீட்டுகளையும் பாஸ்புக் பக்கத்தையும் நகல் எடுத்துப் பி.எஃப். அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். இணையத்திலும் பதியலாம். குமரன், உங்கள் எட்டு மாதச் சீட்டுகள் இருக்கின்றனவா?

கொரட்டூர் குமரன்:
இருக்கின்றன ஐயா. தேடி எடுக்கிறேன். அண்ணா, நீங்கள் போகும் நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.