அவசரம்: குடும்பத்தை அழைத்துவர முடியாது என்கிறார்கள், டிக்கெட் போட்டாயிற்று

மலர்_புதுகை | ஞாயிறு, இரவு 11.48
வணக்கம். சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்கிறேன். கணவரையும் மகளையும் அழைத்துவர விண்ணப்பிக்கும்படி அலுவலகத்தில் கேட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு 6,200. திருச்சியிலிருந்து அடுத்த மாதம் 12ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று. வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மகளின் பள்ளியில் டிசியும் வாங்கிவிட்டார்கள். என்ன காரணமாக இருக்கும்? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? உடனே சொல்லுங்கள், காலையில் வேலை.

ஈசூன்வாசி | இரவு 11.55
உங்கள் வேலை அனுமதி நடுநிலைத் திறனாளருக்கான எஸ் பாஸா, உயர்நிலை நிபுணருக்கான இபியா? மகளுக்கு என்ன வயது? விண்ணப்பித்த பிறகு மனிதவள அமைச்சு நிராகரித்ததா, விண்ணப்பிக்கவே அலுவலகம் மறுத்துவிட்டதா? பின்னது என்றால் கதையே வேறு.

பொதிகைக்காற்று | நள்ளிரவு 12.10
பெயர்ச் சிக்கல்தான், அடித்துச் சொல்கிறேன். நம் ஊர்ப் பெயர்களின் இனிஷியல் இந்த ஊர்க் கணினிக்குப் பிடிபடுவதில்லை. என் மனைவியின் கடவுச்சீட்டில் அவள் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தது. திருமணச் சான்றிதழிலோ என் பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக இருந்தது. இரண்டும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்க நான்கு மாதம் அலைந்தேன். நோட்டரி, மொழிபெயர்ப்பு, மறுபடியும் நோட்டரி. உங்கள் திருமணம் கோயிலில் நடந்ததா? பதிவு செய்தீர்களா? முதலில் அதைப் பாருங்கள்.

ஆலமரம் | நள்ளிரவு 12.31
இங்கே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டால் கை சுடாது. இதே கேள்விக்கு நானே ஏழெட்டு முறை பதில் எழுதியிருக்கிறேன். எந்த அனுமதி அட்டை, எவ்வளவு நிலையான சம்பளம், யார் மறுத்தார்கள் என்று எதையும் சொல்லாமல் காரணம் கேட்பது, மருத்துவரிடம் போய் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வருவதைப் போன்றது. தொழிலில் இருப்பவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்று: தாதி என்று எழுதுவதை விடுங்கள். செவிலியர் என்பதே மதிப்பான சொல்.

மூன்றாம்_ஷிப்ட் | அதிகாலை 4.05
மலர், பதறாதே. நானும் இதே வேலைதான், இப்போது இரவுப் பணியின் இடைவேளையில் இருக்கிறேன். ஒன்றே ஒன்று சொல். 6,200 என்கிறாயே, அது சம்பளச் சீட்டின் எந்த வரியில் இருக்கிறது? மேலே உள்ள அடிப்படைச் சம்பளமா, அடியில் உள்ள மொத்தத் தொகையா?

மலர்_புதுகை | திங்கள், மதியம் 1.22
சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். எஸ் பாஸ். மகளுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. பதிவுத் திருமணம்தான், பெயரில் சிக்கல் இல்லை. விண்ணப்பமே போடவில்லை, எச்ஆரில் மறுத்துவிட்டார்கள்.

அடிப்படைச் சம்பளம் 4,780. மாதாமாதம் வரும் நிலையான படி 250. இரவுப் பணிப் படி போன மாதம் 540, ஓவர்டைம் 630. கையில் வருவதுதானே சம்பளம்?

மூன்றாம்_ஷிப்ட் | மதியம் 2.40
நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அமைச்சின் கணக்கு வேறு. அடிப்படைச் சம்பளம், மாதந்தோறும் மாறாமல் வரும் படி, இந்த இரண்டை மட்டுமே கூட்டுவார்கள். உனக்கு 4,780, 250, ஆக 5,030. இரவுப் பணிப் படி எத்தனை இரவு என்பதைப் பொறுத்து மாறுவதால் சேராது. ஓவர்டைம் சேராது. போனஸும் சேராது. 6,000 என்ற வரம்பு எஸ் பாஸுக்கும் இபிக்கும் ஒன்றுதான். குடும்பத்தாரை அழைத்துவரும் டிபி அட்டைக்கு முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், கிடைக்காது என்று தெரிந்து அவர்கள் போடவே இல்லை. உன் எச்ஆர் சொன்னது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. உட்காரவைத்து இரண்டு வரி விளக்கியிருக்கலாம்.

ஈசூன்வாசி | மாலை 3.02
ஆமாம், 970 வெள்ளி குறைகிறது. அதை இன்னும் பத்து இரவுப் பணி பார்த்து ஈடுகட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு இரவு பார்த்தாலும் அந்த 5,030 அசையாது.

திருச்சி_டு_சாங்கி | மாலை 5.15
இதற்கா இவ்வளவு கவலை? தாளில் 6,000 என்று போடச் சொல்லுங்கள். மீதியை மாதாமாதம் நீங்கள் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த கடையில் இப்படித்தான் நடக்கிறது.

ஆலமரம் | மாலை 5.21
அந்தக் கடைக்காரருக்கு என் ஆழ்ந்த அனுதாபம். வேலை அனுமதிக்காகப் பொய்த் தகவல் கொடுத்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. பெரிய மருத்துவமனை எதுவும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. இந்தம்மாவின் தாதியர் பதிவும் போகும், ஊருக்கு டிக்கெட்டும் கிடைக்கும், ஒருவழி டிக்கெட். இப்படிப்பட்ட யோசனைகளை நீக்குமாறு நிர்வாகியைக் கேட்டுக்கொள்கிறேன்.

தேக்கா_தாத்தா | மாலை 5.30
ஆலமரம் ஐயாவே இப்போது ‘தாதியர் பதிவு’ என்று எழுதியிருக்கிறார். குறித்துக்கொள்கிறேன்.

கங்காரு | இரவு 8.44
சகோதரி, சிங்கப்பூரை விடுங்கள், ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2025இல் அங்கே வெளிநாட்டுத் தாதியருக்குப் பதிவு முறையை எளிதாக்கிவிட்டார்கள். ஒப்பிடத்தக்க நாடுகளின் பட்டியலில் பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்காவோடு சிங்கப்பூரும் இருக்கிறது. 2017க்குப் பிறகு அப்படிப்பட்ட நாட்டில் 1,800 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். அது ஏறக்குறைய ஓராண்டு முழுநேர வேலை, நீங்கள் எப்போதோ தாண்டியிருப்பீர்கள். கணவரும் மகளும் கூடவே வரலாம், கணவர் வேலையும் பார்க்கலாம். நான் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம்_ஷிப்ட் | இரவு 9.10
கங்காரு தம்பி சொல்வதில் பொய் இல்லை. ஆனால் பதிவு வேறு, விசா வேறு, வேலை வேறு. மூன்றும் கைகூடி வர நாளாகும். மலருக்கு வேண்டியது 12ஆம் தேதிக்கான பதில்.

மலர், கணவர் வந்தால் என்ன செய்வதாக இருந்தார்?

மலர்_புதுகை | இரவு 10.55
வந்தபின் ஏதாவது வேலை தேடலாம் என்று நினைத்தோம். உணவு விநியோகமாவது கிடைக்கும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்.

மூன்றாம்_ஷிப்ட் | இரவு 11.20
அந்த அண்ணனிடம் இனி யோசனை கேட்காதே. டிபி கிடைத்தாலும் அதை வைத்து வேலை செய்ய முடியாது. 2021 மே மாதத்திலிருந்து, டிபியில் இருப்பவரை யாராவது வேலைக்கு வைக்க வேண்டும் என்றால் அவருக்குத் தனியாக வேலை அனுமதி எடுக்க வேண்டும். உணவு விநியோகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். ஆக உன் ஒரு சம்பளத்தில் மூன்று பேர். வாடகை எவ்வளவு?

ஆலமரம் | இரவு 11.41
என் சொல்லைக் குறித்துக்கொண்ட தாத்தாவுக்கு: அங்கே நான் வழக்குச் சொல்லைப் பயன்படுத்தினேன், அவ்வளவே. தாதி என்றால் அகராதியில் வேலைக்காரி என்றும் பொருள் உண்டு. செவிலி என்பதோ சங்க இலக்கியத்திலேயே இருக்கும் சொல்.

தேக்கா_தாத்தா | செவ்வாய், காலை 6.15
சங்க இலக்கியத்துச் செவிலி யாருக்கு ஊசி போட்டாள்? அவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். வளர்த்த பெண் காதலனோடு போய்விட்டாள் என்று புலம்புவதுதான் அவளுடைய பாடல்களில் பாதி. தாதியும் வடமொழியில் வளர்ப்புத்தாய்தான், தாத்ரி என்பார்கள். இரண்டும் ஒரே வீட்டுக்காரிகள். இந்த ஊரில் செய்தித்தாள் தாதி என்கிறது, வானொலி தாதிமை என்கிறது. நான் அறுபது ஆண்டாகத் தாதி என்றே சொல்லிவருகிறேன், என்னை யாரும் அடித்ததில்லை.

பொதிகைக்காற்று | காலை 7.02
தமிழ்நாட்டில் போய்த் தாதி என்று சொல்லிப் பாருங்கள்.

ஆலமரம் | காலை 7.09
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

தேக்கா_தாத்தா | காலை 7.15
தமிழ்நாட்டில் சிஸ்டர் என்றுதானே கூப்பிடுகிறார்கள்? செவிலியரே என்று யாராவது கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

மூன்றாம்_ஷிப்ட் | காலை 8.30
உங்கள் சண்டையில் என் தீர்ப்பு: என் வார்டில் இருக்கும் ஆத்தாக்கள், சீனரானாலும் மலாய்க்காரரானாலும் நம்மவரானாலும், எங்களை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இரவு மூன்று மணிக்கு ‘மிஸ்ஸி, தண்ணீர்’. அந்தப் பெயருக்கு ஓடித்தான் இந்தச் சம்பளமே வருகிறது. தயவுசெய்து அந்தப் பெண்ணின் கேள்விக்கு வாருங்கள்.

ஈசூன்வாசி | காலை 9.48
வருகிறேன். மகளுக்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் 12ஆம் தேதிக்குள் இல்லை. கல்வி அமைச்சு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு நடத்துகிறது. ஆங்கிலமும் கணிதமும் மட்டும். தொடக்கநிலை 2 முதல் 5 வரை சேரலாம், வயதைப் பார்த்து நிலையை முடிவுசெய்வார்கள். தேர்வு செப்டம்பர் வாக்கில் வரும், தேறினால் ஜனவரியில் பள்ளி. அதுவும் காலியிடம் இருந்தால்தான், வீட்டுக்கு அருகிலேயே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இடம் கிடைத்தால் மாணவர் அனுமதி அட்டை. அதற்கு உங்கள் சம்பள வரம்பு தேவையில்லை. தொண்டை அடைப்பான், தட்டம்மை தடுப்பூசிச் சான்றை ஊரிலேயே எடுத்துவையுங்கள், 12 வயதுக்கு உட்பட்ட வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு அதைக் கேட்பார்கள். பள்ளிக் கட்டணம் குடிமக்களுக்கு ஒன்று, ஆசியான் நாட்டாருக்கு ஒன்று, நமக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்று. முதலில் அதைப் பார்த்துவிட்டுக் கனவு காணுங்கள்.

இனி வேடிக்கையான பகுதி. மாணவர் அட்டையில் படிக்கும் பிள்ளையின் தாயோ பாட்டியோ நீண்டகால வருகை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அப்பா அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது உங்கள் கணவர் வர முடியாது, உங்கள் மாமியார் விண்ணப்பிக்கலாம். நீங்கள் இரவுப் பணிக்குப் போகும்போது பிள்ளையோடு வீட்டில் யார் இருப்பார் என்ற கேள்விக்கும் அதுவே விடையாகக்கூடும். அட்டை கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை.

பொதிகைக்காற்று | காலை 10.05
மாமியாரின் கடவுச்சீட்டில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இனிஷியல்.

கங்காரு | காலை 10.12
ஆஸ்திரேலியாவில் இந்தப் பாட்டி, அம்மா கணக்கெல்லாம் வேண்டியதில்லை.

தேக்கா_தாத்தா | காலை 10.40
கணவனை விட்டுவிட்டு மாமியாரோடு குடித்தனம். யோசிக்க வேண்டிய யோசனை.

மூன்றாம்_ஷிப்ட் | மதியம் 12.15
டிக்கெட்டை இப்போதே ரத்து செய்யாதே. சுற்றுலா விசா கிடைத்தால் அப்பாவும் மகளும் வந்து உன்னைப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த விசாவை வைத்துப் பள்ளியில் சேர்க்க முடியாது, அதனால் டிசியைக் கையில் வைத்துக்கொண்டிருக்காமல் பழைய பள்ளியிலேயே திரும்பச் சேர்க்கச் சொல். இன்றே தொலைபேசியில் பேசச் சொல், அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடப் போகிறார்கள்.

வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டுவிட்டாயா, முன்பணம் மட்டும்தானா? எத்தனை ஆண்டுக்கு?

ஈசூன்வாசி | புதன், இரவு 9.30
மலர், இருக்கிறீர்களா? ஒப்பந்தம் இரண்டாண்டு என்றால் இடையில் வெளியேறும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக ஓராண்டு கழிந்தபின், இரண்டு மாத முன்னறிவிப்பு என்று இருக்கும். வேலை போனாலோ நாட்டை விட்டுப் போனாலோதான் அது பொருந்தும். குடும்பம் வரவில்லை என்பதற்காகப் பொருந்தாது.

ஆலமரம் | வெள்ளி, இரவு 11.00
கேட்டவர் மறைந்துவிட்டார். வழக்கம்போல.

மலர்_புதுகை | 11 நாள் கழித்து, காலை 7.50
மன்னிக்கவும், தொடர்ந்து இரவுப் பணி. முன்பணம் மட்டும்தான் கொடுத்திருந்தேன், ஒப்பந்தம் போடவில்லை. வீட்டுக்காரர் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். பழைய பள்ளியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், மகள் அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். 12ஆம் தேதி இருவரும் சுற்றுலா விசாவில் வருகிறார்கள். மாமியாரிடம் கேட்டேன். கோழிகளை யார் பார்ப்பது என்று கேட்கிறார். எல்லோருக்கும் நன்றி.

ஈசூன்வாசி | காலை 8.05
நல்லது. மாமியாரிடம் கடவுச்சீட்டு இருக்கிறதா?

பொதிகைக்காற்று | காலை 8.06
அதில் இனிஷியல்?

புதியவன்_88 | இரவு 10.20
எனக்கும் இதே சிக்கல். சம்பளம் 6,050. ஏன் மறுக்கிறார்கள்?