ஹெட்லைட்டைப் பிரித்து உள்ளே கறுப்படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். என் கார் ஹெட்லைட்டுக்குள் பல்பைச் சுற்றியுள்ள குரோம் சட்டத்துக்கு மட்டும் மேட் கறுப்பு அடிக்க ஆசை. வெளிச்சத்தை முன்னே திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரைத் தொடமாட்டேன், அதில் பெயிண்ட் பட்டால் வெளிச்சமே போய்விடும். எல்இடியும் வேண்டாம், ஆலஜன் பல்புக்கான ரிஃப்ளெக்டரில் அதைப் போட்டால் எதிரே வருபவர்களுக்குக் கண் கூசும்.

சிக்கல் ஹெட்லைட்டின் முன்கண்ணாடியைக் கழற்றுவதில்தான். கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பாலிகார்பனேட், சூடு மிஞ்சினால் கோணிவிடும். அதை ஒட்டியிருப்பது பியூட்டைல் (ரப்பர் மாதிரியான) பசை என்றால் ஹீட் கன்னுக்கு (சூடான காற்று ஊதும் கருவி) இளகும், இறுகிப்போகும் வகை இளகாது. எது என்று பிரிக்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

அப்புறம், திரும்ப ஒட்டும்போது பழைய பசையை முழுக்கச் சுரண்ட வேண்டுமா, மேலேயே புதுசு வைக்கலாமா? மழையில் உள்ளே ஈரம் கோத்தால் எல்லாம் வீண். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.