மறு: ‘செக்அவுட்’டுக்குச் சொல் – ‘கொள்முடிப்பு’ எப்படி?

அன்பின் குழுவினருக்கு,

> ‘கொடுப்பனவு’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் இணையக்கடையில் கூடையில் போட்டதை வாங்கி முடிக்கும் செக்அவுட்டுக்கு அது பொருந்தாது. மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு மருதமுனைக் கைத்தறிச் சாரமும் சேலையும் இணையத்தில் விற்கிறோம். வாங்குகிறவர்களில் பலர் பார்சல் வாசலுக்கு வந்தபிறகுதான் காசு கொடுப்பார்கள். ‘கொடுப்பனவு’ என்ற பொத்தானைக் கண்டதும், வங்கிக் காட் இல்லாமல் வாங்க முடியாதாக்கும் என்று திரும்பிப் போய்விடுகிறார்கள். முகவரி, அனுப்புக்கூலி, கடைசியாக ஒரு தரம் சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்ததுதான் செக்அவுட். காசு அதில் ஒரு துண்டு.

‘வெளியேறுகை’ அதைவிட மோசம். பாசிக்குடா ஹோட்டலில் அறையைக் காலிசெய்ய அது சரிவரும். இணையத்தில் ‘வெளியேறு’ என்பது ஏற்கனவே லொக்அவுட்டுக்குப் போய்விட்டது.

நான் முதலில் வைத்தது ‘கணக்கை முடிக்க’. பலசரக்குக் கடையில் சொல்வதுதானே என்று நினைத்தேன். மாமியிடம் போனைக் கொடுத்து ஒரு சாரம் வாங்கச் சொன்னேன். கூடையில் போட்டார். பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டார். “இப்பதானே மகன் கணக்குத் திறந்த நான், ஏன் அதுக்குள்ள முடிக்கச் சொல்லுது?”

பிழை மாமியில் இல்லை. இணையத்தில் கணக்கு என்றால் பயனர் கணக்கு. அதோடு, ஒரு சாரம் வாங்க ஏன் கணக்குத் திறக்கவைத்தோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அன்றே அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டோம்.

என் முன்மொழிவு: கொள்முடிப்பு. கொள்வனவு நமக்குப் பழகிய சொல். முடிப்பில் முடித்தலும் உண்டு, பணமுடிப்பும் உண்டு. சேலைத் தலைப்பில் காசை முடிந்துவைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இராது. கணக்குத் திறக்காமல் வாங்குவதைக் ‘கணக்கில்லாக் கொள்முடிப்பு’ எனலாம்.

‘கொள்படிகள்’ என்ற யோசனையும் வந்திருந்தது. படிகளின் எண்ணிக்கை மாறக்கூடியது. ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது, 2017இல் அது காலாவதியானது. இப்போது யாரும் அப்படிச் செய்யலாம். படியே இல்லாத இடத்தில் படிகள் என்று எப்படி எழுதுவது?

ஒன்று சொல்லவேண்டும்: கொள்முடிப்பு நாம் பேசவும் ஆவணத்தில் எழுதவும் உள்ள பெயர். பொத்தானில் அதைப் போடாதீர்கள். கூடைக்குக் கீழே ‘வாங்கி முடிக்க’, கடைசிப் பொத்தானில் ‘ஓடரை உறுதிசெய்க’. அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைப் பொத்தான் சொன்னால் போதும். ஓடருக்குக் ‘கட்டளை’ என்று யாரும் தொடங்கவேண்டாம், காசுக்கட்டளை தபாற்கந்தோரிலேயே இருக்கட்டும்.

முகவரிப் படிவத்துக்கும் சொற்கள் வேண்டும். நாங்கள் வாங்கிய இணையக்கடை வார்ப்புரு இலங்கையில் இல்லாத ‘மாநிலம்’ கேட்டது, அதுவும் கட்டாயப் புலமாக! ஒருவர் அதில் ‘மட்டக்களப்பு’ என்று போட்டார், இன்னொருவர் ‘இல்லை’ என்று போட்டார். இப்போது மாவட்டம் என்று மாற்றி, ஊருக்குக் கல்முனை என்று தெரிவுசெய்தால் தபாற்குறியீடு 32300 தானாக விழும்படி செய்திருக்கிறோம். வீட்டு இலக்கம் கட்டாயமில்லை. பதிலாக ‘அடையாளம்’ என்று ஒரு பெட்டி. “கோயிலுக்குப் பின்னால, நீலக் கேற்” என்று அதில் எழுதுகிறார்கள், பார்சல் கொண்டுபோகிற தம்பிக்கு அதுதான் உதவுகிறது. இந்தப் பெட்டிக்கு ‘அடையாளக்குறிப்பு’ சரியா?

கல்லடியிலிருந்து

——

> என் முன்மொழிவு: கொள்முடிப்பு.

எனக்குச் சம்மதம், ஒரு பயம் மட்டும். போனில் அவசரமாகத் தட்டினால் ‘கொல்முடிப்பு’ ஆகிவிடும். ‘வாங்குமுடிப்பு’ என்றால் அந்த ஆபத்து இல்லை. நீளம்தான், ஆனால் பொத்தானில் வராத சொல் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே. பெட்டிக்கு வெறும் ‘அடையாளம்’ போதும், குறிப்பு வேண்டாம்.

மருதமுனையிலிருந்து