20 ஆண்டுக் கடனை 11 ஆண்டில் அடைத்தது சரியா?

கரைசேர்ந்தோம்

இந்த இழையின் தொடக்கத்தில் தராசு அவர்கள், வீட்டுக் கடன்தான் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய மிக மலிவான கடன் என்றும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதை முன்கூட்டியே அடைப்பது கணக்குத் தெரியாதவர் செய்யும் வேலை என்றும் எழுதியிருந்தார். 20 ஆண்டுக்கு வாங்கிய கடனை 11 ஆண்டில் அடைத்து, சென்ற மாதம் பத்திரத்தை மீட்டு வந்தவர்கள் நாங்கள். கணக்குத் தெரிந்ததனால்தான் அடைத்தோம் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எந்த நாணயத்திலும் பொருந்தும்படி 1,00,000 கடன், 8 சதவீத வட்டி, 240 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 836 வரும். முதல் தவணையில் 667 வட்டிக்குப் போய்விடும். அசலில் குறைவது 170 கூட இல்லை. இப்படியே கட்டிக்கொண்டு போனால் அசல் பாதியாகக் குறைவதற்கு 13 ஆண்டுக்கும் மேலாகும், முடிவில் வாங்கிய தொகைக்குச் சற்று அதிகமாகவே வட்டி கட்டியிருப்போம். அதே கடனுக்கு மாதம் 1,142 கட்டினால் 11 ஆண்டில் முடிந்துவிடும். மொத்த வட்டியும் ஏறத்தாழ பாதியாகிவிடும். நாங்கள் முதலில் பத்து சதவீதம் கூடுதலாகக் கட்டத் தொடங்கி, சம்பளம் உயர்ந்தபோதெல்லாம் அந்த உயர்வைக் கண்ணில் படுவதற்கு முன்பே கடனுக்குத் திருப்பிவிட்டோம்.

வீட்டில் பயன்படாமல் கிடந்த பொருள்களை விற்றது முதல் ஆண்டில். அதில் கிடைத்தது கடனில் 2 சதவீதம்தான் என்றாலும், தொடக்கத்திலேயே கட்டியதால் கடன் காலத்தில் 11 மாதங்கள் குறைந்தன. அதே தொகையை 15 ஆண்டு கழித்துக் கட்டியிருந்தால் மூன்றரை மாதம்தான் குறைந்திருக்கும். என் மனைவி ஒரு நோட்டில் இடப்பக்கம் விற்ற பொருளின் பெயரையும் வலப்பக்கம் அதனால் குறைந்த நாள்களையும் எழுதி வந்தார். கடனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தொடக்கத்தில் 18 நாள். பயன்படாத மேசை ஒன்று 18 நாள் என்று எழுதிப் பார்த்த பிறகு அதை மூலையில் வைத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

தராசு

கரைசேர்ந்தோம் அவர்களுக்கு முதலில் என் வாழ்த்து. பத்திரம் கைக்கு வந்த நாளின் நிம்மதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நீங்கள் காட்டியது கணக்கின் ஒரு பக்கம் மட்டுமே என்பதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

உங்கள் எடுத்துக்காட்டையே எடுத்துக்கொள்கிறேன். தவணையில் பத்து சதவீதம், அதாவது மாதம் 84 மிச்சமாகிறது. இருவர் இருக்கிறார்கள். ஒருவர் அதைக் கடனுக்குக் கட்டி 194 மாதத்தில் கடனை முடித்துவிட்டு, எஞ்சிய 46 மாதங்கள் முழுத் தொகையையும் முதலீடு செய்கிறார். மற்றவர் 240 மாதமும் வழக்கமான தவணையையே கட்டிக்கொண்டு அந்த 84-ஐ முதல் மாதத்திலிருந்து முதலீடு செய்கிறார். முதலீடு ஆண்டுக்கு 10 சதவீதம் தந்தால், 20 ஆண்டு முடிவில் முதலாமவரிடம் சுமார் 51,200 இருக்கும், இரண்டாமவரிடம் சுமார் 63,500 இருக்கும். போதாததற்குப் பணவீக்கமும் இரண்டாமவர் பக்கமே நிற்கிறது: ஆண்டுக்கு 5 சதவீதம் விலை ஏறினால், 20-ஆம் ஆண்டில் கட்டும் 100-க்கு இன்றைய மதிப்பு 38 தான். வங்கிக்கு மலிந்த பணத்தைத் திருப்பித் தரும் வாய்ப்பை நாமே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கடனுக்குக் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பி வராது. முன்கூட்டியே எவ்வளவு கட்டியிருந்தாலும், அடுத்த மாதத் தவணையை வங்கி அடுத்த மாதம் கேட்கத்தான் செய்யும். என் உறவினர் ஒருவர் கையிருப்பு முழுவதையும் கடனில் போட்டுவிட்டு, "பாதி முடித்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொன்ன ஐந்தாவது மாதம் வேலையை இழந்தார். தவணைக்கு வழியில்லாமல் கடன் அட்டையில் பணம் எடுத்தார். மாதம் 3 சதவீத வட்டி என்பது கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும். எட்டு சதவீதக் கடனை விரட்டிப் போய் நாற்பத்திரண்டில் விழுந்த அந்த மனிதரின் முகத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வாசல்விளக்கு

நீங்கள் இருவரும் கணக்கைப் பேசுகிறீர்கள். நான் அந்தக் கணக்குக்குள் வளர்ந்தவள் என்பதால் வேறொரு பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என் தந்தை வீட்டுக் கடனை 7 ஆண்டு முன்னதாகவே அடைத்தார். அதை எங்கள் உறவு முழுவதும் புகழ்ந்தது. எனக்கு அந்தச் சாதனையில் நினைவிருப்பது ஒரு வயலின் பெட்டி. அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. கறுப்புப் பெட்டி, உள்ளே சிவப்புத் துணி, ஒரு கொக்கி தளர்ந்திருந்ததால் நான் அதை ரிப்பனால் கட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தபோது ரிப்பன் மட்டும் மேசைமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. "இரண்டு மாதமாக நீ அதைத் தொடவே இல்லையே அம்மா" என்றார் அப்பா. அந்த இரண்டு மாதமும் எனக்குத் தேர்வு.

அவர் கொடுமைக்காரர் அல்லர். அந்தப் பணத்தைக் கடனுக்குத்தான் கட்டினார், தமக்கென்று ஒரு சட்டைகூட வாங்கிக்கொள்ளவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: எது அடைசல், எது உடைமை என்பதை வீட்டில் யார் தீர்மானிப்பது? சம்பாதிப்பவரா, பயன்படுத்துபவரா? கரைசேர்ந்தோம் ஐயா அவர்களின் மனைவி வைத்திருந்த நோட்டின் வலப்பக்கத்தில் 18 நாள் என்று எழுத முடிகிறது. அந்தப் பொருளோடு போவதை எழுத அதில் மூன்றாவது பத்தி ஒன்று இருந்திருக்க வேண்டும். சிக்கனம் தன்னைத்தான் ஒறுப்பதாக இருந்தால் நான் வணங்குவேன். பிள்ளைகளைக் கேட்காமல் பிள்ளைகள் மீது சுமத்தப்படும்போது அதற்கு நான் வேறு பெயர்தான் வைப்பேன்.

கரைசேர்ந்தோம்

வாசல்விளக்கு அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு நானும் என் மனைவியும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் ஒருவர் பொருளை மற்றவர் விற்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். ஆனால் அந்த முடிவை எடுத்தது நாங்கள் இருவர். அப்போது நான்கு வயதாக இருந்த எங்கள் மகனை யாரும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நான் விற்க எடுத்ததில் பெரியது என் கேமராவும் இரண்டு லென்ஸ்களும். லென்ஸ்களில் உண்மையில் விற்றது ஒன்றுதான். மற்றதை மூன்று ஆண்டு பெட்டியிலேயே வைத்துவிட்டு, வாங்க வந்தவர் முன்னால் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கண்ணாடிக்கு உள்ளே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலைப் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. வந்தவர் ஒன்றும் சொல்லாமல் மூடியைப் போட்டுத் திருப்பித் தந்தார். "என்றாவது எடுப்பேன்" என்று சேமித்து வைத்தது என் கண்ணெதிரே பயனற்றுப் போயிருந்தது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கையில் ஒரு கோப்பை கொடுக்கப்பட்டவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் வாங்கத் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. நம்முடையது என்றாலே நாம் மதிப்பைக் கூட்டித்தான் பார்க்கிறோம். அதனால் வாசல்விளக்கு அம்மாவின் வயலினையும் என் லென்ஸையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: முன்னது உயிரோடு இருந்தது, பின்னது எப்போதோ செத்துவிட்டது.

இனி தராசு அவர்களுக்கு. உங்கள் முதலீட்டுக் கணக்கில் 10 சதவீதம் என்ற எண்ணுக்குப் பதிலாக 6 என்று போட்டுப் பாருங்கள். கடனை முதலில் அடைத்தவரிடம் சுமார் 47,400 இருக்கும், முதலீட்டை நம்பியவரிடம் 38,600 தான். கடனை அடைப்பதில் கிடைக்கும் எட்டு சதவீதம் உறுதியானது. சந்தை தருவதாகச் சொல்லும் பத்துக்கு யாரும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2022-இல் பல நாடுகளின் மைய வங்கிகள் வட்டியைத் தொடர்ந்து உயர்த்தின. தவணையை மாற்றாமல் வட்டி மட்டும் 8-லிருந்து 9 ஆனால், 240 மாதக் கடன் சுமார் 304 மாதமாக நீண்டுவிடும். ஒரு சதவீதத்துக்கு ஐந்து ஆண்டுக்கும் மேல் தண்டனை! அசல் குறைந்திருந்த எங்களுக்கு அந்த உயர்வு பெரிதாகத் தைக்கவில்லை.

புதுக்கடனாளி

பெரியவர்கள் விவாதத்துக்கு நடுவே புகுவதற்கு மன்னிக்க வேண்டும். கடன் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. ஊக்கத்தொகையும் பழைய பொருள்களை விற்ற பணமும் சேர்த்து கடனில் 2 சதவீதம் கட்டினேன். அடுத்த மாதம் பார்த்தால் தவணைத் தொகை குறைந்திருக்கிறது, ஆனால் காலம் அப்படியே இருக்கிறது. இதில் எனக்கு லாபமா, இல்லையா?

தராசு

தம்பி, இந்த இடத்தில் நானும் கரைசேர்ந்தோம் அவர்களும் ஒரே கட்சி. கடன் தொடக்கத்தில் 2 சதவீதம் கட்டித் தவணையைக் குறைத்துக்கொண்டால், அந்த ஒரு லட்சம் கடனில் மொத்த வட்டி சுமார் 2,000 குறையும். தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைத்தால் சுமார் 7,500 குறையும். கட்டிய பணம் ஒன்றே, பலன் மூன்றரை மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. பணம் கட்டும்போதே, காலத்தைக் குறைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டியே அடைப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். நிலையான வட்டிக் கடன்களில் இருக்கக்கூடும். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறதா என்பதை அதற்கும் முன்னால் பாருங்கள். கடன் அட்டை நிலுவை இருந்தால் வீட்டுக் கடன் பக்கமே திரும்பாதீர்கள், முதலில் அதை முடியுங்கள்.

கரைசேர்ந்தோம் அவர்களே, ஆறு சதவீதக் கணக்கைச் சரிபார்த்தேன், சரிதான். உறுதியான எட்டுக்கும் உறுதியற்ற பத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் குறைவாக எடைபோட்டுவிட்டேன் என்பதையும் ஏற்கிறேன். என்றாலும் 11 ஆண்டும் கையில் எதுவும் சேராமல் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்துக்குள் பூட்டி வைக்கும் திட்டத்தை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு இன்னமும் துணிவில்லை. வட்டிக்கு வரிச்சலுகை உள்ள இடங்களில் கடனின் உண்மையான விலை இன்னும் குறைவு.

கரைசேர்ந்தோம்

சலுகையை நம்பி 20 ஆண்டுத் திட்டம் போட முடியாது. பிரிட்டனில் வீட்டுக் கடன் வட்டிக்கு இருந்த வரிச்சலுகை படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2000-இல் அறவே நீக்கப்பட்டது. ஆறு மாதக் கையிருப்பை வைத்துக்கொண்டுதான் நாங்களும் தொடங்கினோம். முதல் பதிவிலேயே அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

வாசல்விளக்கு

புதுக்கடனாளி தம்பி, வேறு இழையில் நீங்கள் போட்டிருந்த விற்பனைப் பட்டியலைப் பார்த்தேன். நான்காவதாகச் சிறுவர் மிதிவண்டி ஒன்று இருக்கிறது. உங்கள் மகளுடையதா? அவளைக் கேட்டீர்களா?

புதுக்கடனாளி

கேட்டேன் அக்கா. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது உட்கார்ந்தால் முழங்கால் கைப்பிடியில் இடிக்கிறது, விற்றுவிடலாம் என்று அவளே சொன்னாள். ஆனால் மணியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மணி இல்லை என்று பட்டியலில் திருத்தியிருக்கிறேன். தவணையைப் பழைய தொகைக்கே மாற்றச் சொல்லி வங்கிக்கும் இன்று கடிதம் கொடுத்துவிட்டேன்.