காமா வெடிப்பு அணைந்த பிறகு சூப்பர்நோவா தெரிவது ஏன்?

கோட்டை அடுப்பு, காரைக்குடி
கல்யாணச் சமையல் என் தொழில். நேற்று கானாடுகாத்தானில் ஒரு சாந்தி. வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டு வளவில் படுத்தேன். தலைக்கு மேலே முற்றத்தின் சதுரத்தில் வானம். போனில் 2003 மார்ச் 29 காமா வெடிப்பைப் பற்றிப் படித்தேன். விண்வெளியில் தொலைவிலிருந்து திடீரென்று பாயும் காமா கதிர் வீச்சு அது. வெடிப்பு சில பத்து வினாடிதான். அதற்குப் பின் மிஞ்சும் ஒளியான பின்னொளிர்வு மட்டும் நாள்கணக்கில் மங்கிக்கொண்டே போயிருக்கிறது. ஏப்ரலில் பார்த்தால் அதே இடத்தில் சூப்பர்நோவா, அதாவது நட்சத்திரம் வெடித்துச் சிதறும் ஒளி! ஒரே நட்சத்திரம் என்றால் முதல் நாளே ஏன் தெரியவில்லை?

கோட்டை அடுப்பில் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்தினால் குப்பென்று ஆள் உயரம் எரிந்து அடங்கும். அப்புறம்தான் புளிய விறகு பிடிக்கும். அப்படியா?

தேவகோட்டை டீச்சர்
பாதி சரி அண்ணே. உங்கள் மண்ணெண்ணெய் விறகைப் பற்றவைக்கிறது. பின்னொளிர்வு சூப்பர்நோவாவைப் பற்றவைப்பதில்லை. நட்சத்திரத்தின் கரு சரிந்ததும் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் வித்து விழுந்துவிடுகிறது. கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் ஒரு ஒடுங்கிய தாரை கிழித்துக்கொண்டு வெளியேறும். அது சுற்றியுள்ள வாயுவில் மோதி ஒளிர்வதுதான் பின்னொளிர்வு. வேகம் குறையக் குறைய மங்கும்.

சிதறி விரியும் மிச்ச உடல்தான் சூப்பர்நோவா. அதற்குள் உண்டான கதிரியக்க நிக்கல்-56க்கு அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 6 நாள். அது சிதைந்து தரும் வெளிச்சம் அடர்ந்த சிதறலுக்குள் முட்டி மோதி வெளியே வர வேண்டும். உச்சத்துக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்குள் பின்னொளிர்வும் மங்கி வழிவிடும்.

கோட்டை அடுப்பு
சரி, தம் போட்ட அண்டா மாதிரி. ஆனால் அது பின்னொளிர்வே மறுபடி கிளம்பியது இல்லை என்று எப்படித் தெரியும்?

மொட்டைமாடி, புதுவயல்
ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலைதான் சாட்சி. பின்னொளிர்வின் நிறமாலை வழவழவென்று இருக்கும். இதில் அகலமான மேடுகள் எழுந்தன. பொருள் வினாடிக்கு 30,000 கிலோமீட்டர் அளவில் பறப்பதால், தனிமங்கள் நிறமாலையில் இடும் கோடுகள் அப்படி விரிந்துவிடும். 1998 ஏப்ரல் 25 வெடிப்பின் இடத்தில் தெரிந்த சூப்பர்நோவா 1998பிடபிள்யூவிலும் இதே சாயல். அது சுமார் 12 கோடி ஒளியாண்டுத் தொலைவுதான், வெடிப்பும் சோப்ளாங்கி. அதனால் பலர் நம்பவில்லை. 2003தான் வாயை அடைத்தது. ஹைட்ரஜன் கோடு இல்லாத வகை இவை.

எல்லா வெடிப்புக்கும் இது பொருந்தாது. 2017 ஆகஸ்ட் 17இல் வந்த குறுகிய நேர வெடிப்பு, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (வெடித்த நட்சத்திரங்கள் விட்டுச்சென்ற மிக அடர்ந்த கருக்கள்) மோதியதால் வந்தது.

கோட்டை அடுப்பு
ஹைட்ரஜன் எங்கே போனது? யாராவது எழுதிவையுங்கள். அரிசி ஊறிவிட்டது, ஆட்டப் போகிறேன். பந்தி முடிந்து வந்து படிக்கிறேன்.