ஃபோர்க் செய்த பிறகு பைப்பில் ரீட் முடியாமல் நிற்பது ஏன்?

கேள்வி:
வணக்கம். லினக்ஸில் சி மொழியில் பைப்பை (ஒரு முனையில் எழுதி மறுமுனையில் படிக்கும் குழாய்) உருவாக்கி, பிறகு ஃபோர்க் செய்து (ஓடும் நிரலின் நகலாகச் சேய் பிராசஸை உருவாக்கி), தாய் பிராசஸ் "வணக்கம்" என்ற சொல்லை மூன்று முறை எழுத, சேய் பிராசஸ் 32 பைட் இடத்தில் அதைப் படித்து, ஒவ்வொரு ரீடுக்கும் ஒரு வரியாகக் காட்டும்படி நிரல் எழுதியிருக்கிறேன். தாய் தன் எழுதும் முனையை மூடிவிட்டு வெயிட்டில் (சேய் முடியும் வரை நிற்கும் அழைப்பு) காத்திருந்தும், சேய் ரீடிலேயே நின்றுவிடுகிறது. சில நேரம் இரண்டாவது வணக்கம் நடுவில் உடைந்து, பொருளற்ற குறிகள் தெரிகின்றன. இரண்டுக்கும் காரணம் விளங்கவில்லை.

பதில் 1:
சேய் தன்னிடமுள்ள எழுதும் முனையை மூடவில்லை என்று தோன்றுகிறது. ஃபோர்க்கின்போது இரு முனைகளும் சேய்க்கும் வந்துவிடுகின்றன. எழுதும் முனைகள் அனைத்தும் மூடப்பட்டால்தான் ரீட் 0 (இனி எதுவும் வராது என்பதன் அடையாளம்) தரும் என்பதால், உங்கள் சேய் தன் கையிலேயே இருக்கும் முனையிலிருந்து செய்தி வரும் என்று காத்திருக்கிறது. நிரல் நிற்கும்போது வேறொரு டெர்மினலில், ப்ராக் (/proc) அடைவுக்குள் சேயின் பிராசஸ் எண்ணைத் திறந்து, அது திறந்து வைத்திருப்பவற்றைக் காட்டும் எஃப்டி (fd) அடைவைப் பாருங்கள். ஒரே பைப் எண் இரண்டு வரிகளில் இருக்கும். சேய்ப் பகுதியின் தொடக்கத்திலேயே எழுதும் முனையான எஃப்டி[1]-ஐயும், தாய்ப் பகுதியில் படிக்கும் முனையான எஃப்டி[0]-ஐயும் மூடிவிடுங்கள்.

பதில் 2:
உடைவதற்குக் காரணம் வேறு. பைப்புக்குச் செய்தி எது என்று தெரியாது; அதில் ஓடுவது பைட்டுகள் மட்டுமே. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் "வணக்கம்" 7 குறியீடுகள் (வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி), ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். சேய் படிப்பதற்குள் மூன்றும் சேர்ந்துவிட்டால் 63 பைட் இருக்கும். அதில் 32-ஐ எடுக்கும்போது, இரண்டாவது வணக்கத்தின் முதல் புள்ளிக்குரிய 3 பைட்டில் 2 மட்டும் வந்து, ஒன்று அடுத்த ரீடுக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட் எண்ணாக அனுப்பி, அத்தனை பைட்டும் வரும் வரை ரீடைச் சுழற்சியில் அழையுங்கள். பல சேய்கள் ஒரே பைப்பில் எழுதுவதாக இருந்தால், நீளத்தையும் செய்தியையும் ஒரே ரைட்டில் (எழுதும் அழைப்பில்) அனுப்புவது அவசியம். லினக்ஸில் 4096 பைட் வரை அது பிறர் எழுதுவதோடு கலக்காது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எஃப்டி[1]-ஐ மூடியதும் ரீட் 0 தந்து, சேய் முறையாக முடிந்தது. நீளம் சேர்த்த பின் மூன்று வணக்கமும் முழுமையாக வருகின்றன. சேயிடமிருந்து பதில் பெறவும் இதே பைப் போதுமா?

பதில் 1:
போதாது, தாய் எழுதியதைத் தாயே படித்துவிடக்கூடும். இரண்டாவது பைப் ஒன்றை ஃபோர்க்குக்கு முன்பே உருவாக்குங்கள். பதிலைப் படித்து முடித்த பிறகே வெயிட்டை அழையுங்கள். லினக்ஸில் பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 65,536 பைட் என்பதால், அது நிரம்பினால் சேய் ரைட்டிலும் தாய் வெயிட்டிலும் ஒன்றுக்காக ஒன்று நின்றுவிடும்.